புதன்கிழமை வந்த ரிசல்ட்

அத்தியாயம் ஒன்பது

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். கொளஞ்சியம்மாளுக்கு இதுநாள்வரை பொன்னும் கிடைத்ததில்லை. அதனால் கிடைத்த புதனை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மாசி வளர்பிறை. மகன் வீரமணிக்கு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள, கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து பெண் வீட்டார் இன்று ஏரிக்கொல்லைக்கு வருகிறார்கள். பெண் பெயர் மணிமொழி. டவுனில் ஜவுளிக்கடையில் வேலை. நான்கு இடம் தட்டிப்போய் ஐந்தாவதாக அமைந்த இடம்.

வாசலைப் பெருக்கிவிட்டு நிமிர்ந்தாள். மேற்கே கல்வராயன் மலை இருக்கும் இடத்தில் வெறும் வெளுப்புதான் தெரிந்தது. காலையிலேயே அப்படியொரு புழுக்கம். தூரத்தில் எங்கோ கரும்புத் தோகையைக் கொளுத்துகிறார்கள் போல, காற்றில் கரி வந்தது.

வீட்டுக்குள்ளே போன் அதிர்ந்தது. வீரமணியின் போன். சார்ஜில் போட்டுவிட்டுக் கருக்கலிலேயே கரும்பு வெட்டப் போய்விட்டான். போகும்போது, "யாரு அடிச்சாலும் எடுக்காதம்மா, கம்பெனிக்காரனுங்க சும்மா சும்மா அடிச்சிக்கினு கீறானுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

மகள் எழில்மதி எட்டிப் பார்த்தாள். "கம்பெனி இல்லம்மா. தனுஷா டாக்டரு. நேத்து ராத்திரிலேர்ந்து அடிச்சிக்கினு கீறாங்க. எடுக்கட்டா?"

"வாணாம். வை."

"ஏம்மா?"

"வைன்னா வையி. இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியாதா ஒனக்கு?"

எழில்மதி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தனுஷா இன்னும் டாக்டர் ஆகவில்லை. மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற பெண், சொந்த ஊர் திருநாவலூர்ப் பக்கம். மழை விட்ட கையோடு கல்லூரி வேன் ஏரிக்கொல்லைக்கு வந்தபோது, ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்கள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். படிப்பு முடிகிறவரை அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது அந்த மாணவர் பொறுப்பு. தத்து எடுத்துக்கொள்வதாம்.

"நம்மள தத்து எடுக்கறதுக்கு இந்தப் பொண்ணுக்கு இன்னா வயசு ஆவுது?" என்று தெருவே சிரித்தது.

சிரிக்காதவர் சின்னதுரை ஒருவர்தான். கொளஞ்சியின் புருஷன், கரும்பு வெட்டும் செட்டுக்கு மேஸ்திரி. ரத்தம் எடுக்கிறார்கள் என்று கேட்டதுமே, "என் செட்டுல ஒருத்தனும் கைய நீட்டக்கூடாது. வியாதின்னு ஒரு பேர எழுதிட்டான்னா நாளைக்கு எவன் வெட்டுக்குக் கூப்புடுவான்?" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செட்டு அவர் பேச்சைக் கேட்டது. அவர் பெற்ற மகன் மட்டும், தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் கையை நீட்டினான்.

அந்த ரத்தத்தில் ஏதோ சரியில்லை என்று, மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். இந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்தார்கள். "குடுத்துட்டேம்மா, வுடு" என்றான் வீரமணி. கொளஞ்சியும் விட்டுவிட்டாள்.

விட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று விடியுமுன் வீட்டுக்குப் பின்னால் அவன் ஓங்கரித்த சத்தம் கேட்கிறவரை.

"பித்தம்மா. நேத்து பரோட்டா துன்னேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். வாந்தி எடுத்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கொளஞ்சி கழுவினாள். கழுவும்போது கொழுந்தன் வெற்றிவேலின் முகம் ஞாபகம் வந்தது. அவனும் இப்படித்தான் வெறும் வயிற்றில் ஓங்கரிப்பான். பிறகு கால் வீங்கியது, முகம் உப்பியது, முந்தின வருஷம் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தான். கிட்னி என்றார்கள். வெற்றிவேல் குடிப்பான். அதனால் ஊர் வேறு காரணம் எதையும் தேடவில்லை. குடிகாரன் வியாதி என்று முடித்துவிட்டது.

"அத்த!"

தோளில் இளநீர்க் குலையோடு பழனி வந்து நின்றான். செட்டிலேயே உடம்புக்காரன். மற்றவர்கள் ஒரு கட்டு தூக்கினால் இவன் இரண்டு தூக்குவான். வீரமணிக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

"சம்பந்திங்க வெயில்ல வருவாங்க இல்ல, எதமா இருக்கட்டுமேன்னு எறக்கியாந்தேன். வீரமணிய சீக்கிரம் அனுப்பிடறேன். அவன் பங்கையும் நானே வெட்டிக்கறேன்."

"நீ இருந்து ஒரு வாயி சாப்ட்டுப் போவக்கூடாதா?"

"மேஸ்திரி தோலை உரிச்சிருவாரு. இன்னிக்கு ஆலைக்கு லோடு போயே ஆவணுமாம்." துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். "காலுதான் ஒரே கனமா கீது. மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கினேன். செரியாப்பூடும்."

கொளஞ்சி குலையிலிருந்து இரண்டை அறுத்து அவன் கையில் கொடுத்தாள். "உச்சி வெயில்ல குடி."

பழனி போன சற்று நேரத்துக்கெல்லாம் தெருமுனையில் தனுஷா வருவது தெரிந்தது. வேன் இல்லை. கூட யாரும் இல்லை. கையில் வெள்ளைக் கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

கொளஞ்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, வீரமணி அண்ணன் எங்க? ராத்திரிலேர்ந்து போன் போட்டுக்கிட்டே இருக்கேன்."

"இன்னா பாப்பா, விடிஞ்சும் விடியாம?"

"காலேஜ் வண்டி பத்து மணிக்கு மேலதான் கிளம்பும்னாங்க. அதான் மொத பஸ்ஸ புடிச்சு வந்துட்டேன். அவரை உடனே பாக்கணும்மா."

"எங்கிட்ட சொல்லு."

தனுஷா தயங்கினாள். "அவர்கிட்டதாம்மா மொதல்ல சொல்லணும். அவரோட ரிசல்ட் அது."

"பெத்தவகிட்ட சொல்லக்கூடாத ரிசல்ட்டு இன்னா ரிசல்ட்டு? நானே கேக்கறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. எங்க கொழுந்தனுக்கு வந்ததா?"

தனுஷா தலையை ஆட்டவில்லை. ஆனால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அது போதுமாயிருந்தது.

கொளஞ்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். காதுக்குள் ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. பெண்ணின் அம்மா ரங்கம்மாள், பேச்சு எடுத்த முதல் நாளே சொன்ன வார்த்தை. 'வசதி இருக்கோ இல்லியோ, எனக்கு அது வாணாம். மாப்ள குடிக்கக்கூடாது. அது ஒண்ணுதான்.'

ரங்கம்மாளின் புருஷன், இரண்டாயிரத்து இருபத்து நாலு ஆனி மாதத்தில் விஷச் சாராயத்தில் போனவர்களில் ஒருவர். இப்போது வீரமணிக்குக் கிட்னி வியாதி என்று சொன்னால் ரங்கம்மாள் என்ன நினைப்பாள்? ஊர் என்ன நினைத்ததோ அதையேதான்.

"இன்னிக்கு ஒரு நாளு பொறு பாப்பா. நாளைக்கு நானே இட்டுக்கினு வரேன்."

"நாளைக்கு இல்லம்மா. இன்னிக்கே. இப்பவே. சாப்பாட்டுலயும் ரெண்டு மூணு விஷயம் அவர் உடனே நிறுத்தணும், அதை..."

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்று கொளஞ்சி அவள் பேச்சை அறுத்தாள். பிறகு, யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. "அவன் இங்க இல்ல. ஆலைக்கு லோடு கூடப் போயிட்டான். மூங்கில்துறைப்பட்டுல டிராக்டருங்க வரிசையா நிக்கும் பாரு, அங்க இருப்பான்."

கதவுக்குப் பின்னால் எழில்மதி மூச்சை இழுத்தாள். கொளஞ்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

தனுஷா அந்த வார்த்தையை அப்படியே நம்பினாள். அதுதான் கொளஞ்சியைக் குத்தியது. "நான் போய்ப் பாக்கறேம்மா. அதுக்குள்ள வந்துட்டார்னா எனக்கு ஒரு போன்" என்று சொல்லிக்கொண்டே மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

"பொய் சொல்லிட்டியேம்மா" என்றாள் எழில்மதி.

"ஆமாம். ஒங்கண்ணனுக்காவத்தான் சொன்னேன். போயி கோலம் போடு."

வீரமணி கரும்புக் கொல்லையிலிருந்து வந்தபோது முகம் கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றவனைக் கொளஞ்சி மேலும் கீழும் பார்த்தாள். சட்டை காலர் பெரிதாக இருந்தது. போன தீபாவளிக்கு எடுத்தபோது கச்சிதமாக இருந்த சட்டை.

"இன்னாம்மா அப்பிடிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. வெயில்ல வந்திருக்க. இந்தா." ஒரு இளநீரைச் சீவி நீட்டினாள். அவன் மடமடவென்று குடித்தான். உள்ளே எரிகிற எதையோ அணைக்கிறவன் மாதிரி குடித்தான். அது இறங்க இறங்க அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இளநீர் கிட்னிக்கு நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

"அந்த டாக்டரு பொண்ணு வந்துச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்ல" என்றாள்.

அவன் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. ஏன் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். அதற்குள் தெருவில் வேன் ஹாரன் கேட்டுவிட்டது.

ரங்கம்மாள் தம்பி கந்தசாமியின் வேனில் வந்திறங்கினார்கள். கந்தசாமிதான் ஓட்டி வந்தார். பெண் வீட்டார் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ. சின்னதுரை புது வேட்டியோடு வாசலில் கைகூப்பினார். வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள்.

ரங்கம்மாள் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, நெற்றியில் வெறும் விபூதி.

"அண்ணி, ஆம்பளைங்க ஆயிரம் பேசுவாங்க. நான் ஒங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். தம்பி தொடறதில்ல இல்ல?"

"கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன். மோந்து பாத்ததுகூட இல்ல எம் புள்ள." சத்தியம் உண்மை என்பதால் குரல் கணீரென்று வந்தது.

ரங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது போதும். ஒடம்புல வேற நோவு நொடி ஒண்ணும் இல்லியே? தப்பா நெனைக்காத. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நின்னு எனக்கு பயமாப் போச்சி. எம் பொண்ணு அங்கப் போயி நிக்கக்கூடாது."

அடுப்பில் பால் பொங்கியது. கொளஞ்சி அதை இறக்கிவைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள்.

தட்டு மாறியது. வைகாசியில் கல்யாணம் என்று பேச்சானது. சின்னதுரை தன் கையாலேயே இளநீர் சீவி ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். வீரமணி கையிலும் இன்னொன்றைத் திணித்தார். "குடிடா. மாப்ள ஆயிட்ட."

அப்போதுதான் எழில்மதியின் போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். கேட்கக் கேட்க அவள் கண் பெரிதானது. அடுப்படிக்கு ஓடிவந்து அம்மாவின் காதோடு சொன்னாள்.

"தனுஷா டாக்டரு ஆலையிலேர்ந்து பேசறாங்க. அண்ணன் ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குதாம். எப்ப வேணா நெஞ்சு நின்னுடுமாம். அண்ணன் கெடைச்சா மொதல்ல இதச் சொல்லுங்கங்கறாங்க. எளநி குடுக்கக்கூடாதாம்மா. வாழப்பழமும் கூடாதாம். எளநி வெசம் மாதிரியாம்."

கூடத்தில் வீரமணி இளநீரை வாய்க்கு உயர்த்திக்கொண்டிருந்தான்.

கொளஞ்சி எப்படிப் போனாள் என்று தெரியாது. "குடிக்காதடா!" என்ற கத்தலோடு அவன் கையைத் தட்டிவிட்டாள். இளநீர் உருண்டது. தண்ணீர் பாய் முழுவதும் பரவி, மாற்றி வைத்த தட்டை நனைத்தது.

'குடிக்காதடா' என்ற அந்த ஒரு வார்த்தையில் ரங்கம்மாளின் முகம் வெளிறிப்போனதைக் கொளஞ்சி பார்த்தாள்.

"இன்னாமே ஆச்சி ஒனக்கு?" என்று சின்னதுரை எழுந்தார்.

"எளநி குடிக்கக்கூடாதுங்க. அவனுக்குக் கிட்னி போயிருக்குது. வெற்றிவேலுக்கு வந்த அதேதான். காலையிலயே அந்தப் பொண்ணு வந்து சொல்லிச்சி. நான்தான் மறைச்சிட்டேன்." பாயில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "மொதல் எளநிய என் கையாலயே குடுத்தேனே!"

"அம்மா…" என்று வீரமணி எழுந்தான். ஓரடி வைத்தான். முழங்கால் மடங்கியது. கந்தசாமி பாய்ந்து தாங்கிக்கொண்டார். "காலு எனக்கு நிக்க மாட்டேங்குது மாமா" என்றான் வீரமணி, ஆச்சரியப்பட்டவன் மாதிரி. பிறகு கண் சொருகியது.

எல்லோரும் உறைந்து நின்றபோது முதலில் வாய் திறந்தவள் ரங்கம்மாள்தான்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? தூக்குங்க! கந்தசாமி, வண்டிய எடு. அன்னிக்கு நான் ஆம்புலன்சுக்குக் காத்துக்கினு நின்னதுலதான் அவரு போயிட்டாரு. தூக்குங்கய்யா!"

வேனில் மகனின் தலை கொளஞ்சியின் மடியில். கால் ரங்கம்மாளின் மடியில். வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். ஒவ்வொன்றையும் தாண்டும்போது கந்தசாமி கையை ஹாரனிலிருந்து எடுக்கவில்லை. எழில்மதி தனுஷாவிடம் போனில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஆலையில் இல்லாதவனை அவள் தேடி அலைந்தது அம்மா சொன்ன பொய்யால்தான் என்பதையும் சொல்லவேண்டி வந்தது.

சங்கராபுரம் தாண்டிய பிறகுதான் ரங்கம்மாள் கேட்டாள்.

"நான் அடுப்படில கேட்டனே, அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே சொன்ன."

"ஆமாம் அண்ணி."

ரங்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் தன் மடியில் இருந்த அவன் காலை எடுத்து வைக்கவில்லை.

கல்லூரி ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்கள் போல உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் தெய்வசிகாமணி வாசலுக்கே வந்துவிட்டார். கிராமத்துக்கு வேனில் பிள்ளைகளைக் கூட்டிவருகிற பேராசிரியர் அவர்தான். வெட்டுக் கொல்லையில் நிழலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டுங்கள், உச்சி வெயிலில் ஆட்களை உட்கார வையுங்கள், தண்ணீர் கேன் நாங்கள் தருகிறோம் என்று சின்னதுரையிடம் இரண்டு முறை பேசிப்பார்த்தவர். "நெழல்ல உக்காந்தா கரும்பு தானா ஆலைக்கு நடந்து போவுமா சார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர் சின்னதுரை. இப்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கதவு மூடியது.

சின்னதுரை தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். போனை எடுத்துக் கொல்லைக்கு அடித்தார்.

"பழனி, லோடு இன்னா ஆச்சி? … நான் ஆஸ்பத்திரில கீறேன்டா, வீரமணிக்கு மயக்கம். அப்பறம் சொல்றேன். நீ அந்தப் பாத்திய முடிச்சி ஏத்தி வுட்டுரு." எதிர்முனை ஏதோ சொன்னது. "தல கிர்ருங்குதா? வெயிலுடா. அத்த எளநி குடுத்திச்சில்ல, அத குடிச்சிட்டு வெட்டு."

அதற்குள் தனுஷா வந்து சேர்ந்தாள். தலையெல்லாம் கரும்பாலைத் தூசி. கொளஞ்சி எழுந்து அவள் எதிரே நின்றாள். கும்பிடவா, மன்னிப்புக் கேட்கவா, தெரியவில்லை. தனுஷா அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள என்ன சொன்னாங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் வெளியே வந்தார்.

"பொழைச்சுக்குவார்."

கொளஞ்சி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"முழுசாக் கேளுங்க. கிட்னி கெட்டிருக்குறது உண்மை. வருஷக்கணக்கா வெயில்ல, வேர்வைல, தண்ணி பத்தாம, வலி மாத்திரையும் போட்டுக்கிட்டு வேலை செஞ்சதுல வந்திருக்கலாம்னு நினைக்கிறோம். குடிக்கறதாலதான் வரும்னு நெனைக்காதீங்க." இதைச் சொல்லும்போது அவர் ரங்கம்மாளைப் பார்த்தது தற்செயலாகத்தான் இருக்கும். "இன்னிக்கு மயங்கினது உடம்புல தண்ணி வத்துனதால. மருந்து இருக்கு, பாத்துக்கலாம். ஆனா இனிமே வெயில்ல கத்தி புடிக்கக்கூடாது."

"செரி சார்" என்றார் சின்னதுரை. அவர் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' வந்து கொளஞ்சி கேட்டதில்லை.

ரங்கம்மாள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். "நான் இதுல ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொழுது சாய மணிமொழி கடையிலேர்ந்து நேரா இங்க வருவா. இன்னா நடந்துச்சின்னு நீயே அவகிட்ட சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரி முதுகக் காட்டிக்கினு சொல்லாத. மூஞ்சியப் பாத்து சொல்லு."

கொளஞ்சி தலையை ஆட்டினாள். பயமாக இருந்தது. ஆனாலும் மகன் உயிரோடு இருக்கிறான். அதற்குப் பிறகு எதையும் தாங்கிக்கொள்ளலாம்.

டாக்டர் போகவில்லை. கையில் இருந்த இரண்டு தாள்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனுஷா, திங்கக்கிழமை இவருக்கு ரத்தம் எடுத்தது நீதானே?"

"இல்ல சார். அன்னிக்கு எனக்குப் பரீட்சை. லேப்லேர்ந்து வந்தவர்தான் எடுத்தார்."

"அவருக்கு இவரைத் தெரியுமா?"

"தெரியாது சார். பேர் கேட்டுத்தான் எடுத்திருப்பார். ஏன் சார்?"

"திங்கக்கிழமை ரத்தத்துல பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தான அளவு. கிட்னி கிட்டத்தட்ட முழுசாப் போயிருக்கு. இன்னிக்கு இவர் இளநீர் குடிச்சிட்டு வந்தும்கூட அந்த அளவுக்குப் பக்கத்துல இல்ல. வைத்தியம் எதுவும் இல்லாம ரெண்டு நாள்ல கிட்னி இப்படித் திரும்பி வராது." அவர் நிமிர்ந்தார். "இது ரெண்டும் ஒரே ஆளோட ரத்தம் இல்ல."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. கொளஞ்சிக்குத்தான், தனுஷா வந்தாளா என்று கேட்டதற்கு 'இல்ல' என்று சொன்னபோது மகன் முகத்தில் தெரிந்த ஆறுதல் சட்டென்று ஞாபகம் வந்தது. எழுந்து, தடுத்த நர்சைத் தாண்டி உள்ளே போனாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள்.

வீரமணி கண் திறந்திருந்தான். கையில் ஊசி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"வீரமணி. திங்கக்கெழம நீ ரத்தம் குடுத்தியா?"

அவன் கண்ணில் நீர் திரண்டது.

"சொல்லுடா."

"மொத டெஸ்ட்டுலயே தனுஷா எங்கிட்ட சொல்லிடிச்சிம்மா, கிட்னி செரியில்லன்னு. இன்னொருவாட்டி பாக்கலாம்னிச்சி. அதுலயும் அப்பிடியே வந்தா பொண்ணு வூட்டுக்குத் தெரிஞ்சிடுமேன்னு…" மூச்சு வாங்கியது. "நல்ல ரத்தமா இருக்கட்டுமேன்னு என் பேரச் சொல்லி அவன நிக்க வெச்சேன்."

"எவன?"

"பழனிய."

"காளை மாதிரி கீறவனாச்சே, ஒருநாள்கூடப் படுத்ததில்லியே" என்றார் சின்னதுரை.

"அவர் எங்க இருக்கார் இப்ப?" என்றார் டாக்டர்.

"கொல்லையில" என்றார் சின்னதுரை. "ரெண்டாளு வேலைய வெட்டிக்கினு இருக்கான். நான்தான் வெட்டச் சொன்னேன்."

"போன் அடிங்க! உடனே உக்காரச் சொல்லுங்க. ஒரு கரும்புக் கட்டைக்கூடத் தூக்க வேணாம். தனுஷா, வண்டிய அனுப்பச் சொல்லு, அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்துல இருக்கற ஆம்புலன்சும் போகட்டும்."

சின்னதுரை போனை எடுத்து எண்ணைத் தேடித் தடவினார். கொளஞ்சி போனைப் பிடுங்கி எழில்மதியிடம் கொடுத்தாள். எழில்மதி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அப்பாவின் முகத்தருகே பிடித்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி போனது.

எடுத்தார்கள்.

தோகை சரசரக்கும் சத்தம். நிறுத்தாமல் விட்ட டிராக்டர் இன்ஜினின் உறுமல். பலபேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

"பழனி! டேய் பழனி, கத்திய கீழ போடுடா. நான் சொல்றதக் கேளு" என்று சின்னதுரை கத்தினார்.

"மேஸ்திரியா?" என்றது எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

கொல்லையில் பழனியின் போனை, இன்றுவரை பழனியைத் தவிர வேறு யாரும் எடுத்ததில்லை.